செல்லப்பிராணிக்கு நல்ல டாக்டர் தேடுறது, செலவுக்கு காசு சேத்து வைக்கிறது: ஆரம்பத்துல இருந்து முழு வழிகாட்டி

ராத்திரி பதினொன்றரை இருக்கும். எங்க வீட்டு கடுவன் பூனை மண் ட்ரேல ஏறி உக்காந்தான், இறங்குனான், ரெண்டு நிமிஷத்துல திரும்ப ஏறுனான். மலச்சிக்கல்னு நெனச்சு விட்டுட்டேன். அஞ்சாவது தடவை ஏறும்போது அவன் கத்துன கத்தல் வேற மாதிரி இருந்துச்சு, லைட் போட்டு ட்ரேய பாத்தா மண்ணு அப்படியே காஞ்சு கெடக்கு, ஒரு சொட்டு ஈரம் இல்ல. வழக்கமா போற கிளினிக்குக்கு போன் போட்டா ரிங் போயிட்டே இருக்கு. ரெண்டாவது இடத்துல எடுத்தாங்க, ஆனா பூனைக்கு டியூப் போடுற வசதி எங்ககிட்ட இல்லன்னாங்க. மூணாவது இடத்துல வரச் சொன்னாங்க, போய் சேந்தா அட்வான்ஸ் கட்டணும், கைல அவ்வளவு காசு இல்ல, தூங்கிட்டு இருந்த ஃப்ரெண்ட எழுப்பி பணம் அனுப்ப சொன்னேன், அதுக்குள்ள ஒன்றரை மணி ஆயிடுச்சு.

மூத்திரப் பாதை அடைப்பு. ஆண் பூனைங்களுக்கு அந்த பாதை ரொம்ப குறுகல்ங்கறதால அவங்களுக்குத்தான் இது அதிகமா வரும். மூத்திரம் வெளிய போகலன்னா ரத்தத்துல பொட்டாசியம் ஏறும், அது இதயத்துடிப்பையே கெடுத்துடும், ஒன்னு ரெண்டு நாள் விட்டா உயிரே போயிடும். எங்க பையன் மூணு நாள் ஆஸ்பத்திரில இருந்து பொழச்சு வந்தான். ஆனா அந்த ராத்திரி நான் பண்ணின தேடல் எல்லாமே அவன் நல்லா ஓடி ஆடிட்டு இருந்தப்பவே பண்ணி முடிச்சிருக்க வேண்டியது, யார்கிட்ட போறது, எவ்வளவு ஆகும், காசு எங்க இருந்து வரும், இந்த மூணையும் உடம்பு சரியில்லாத ஜீவன மடில வச்சுகிட்டு யோசிக்கவே முடியாது. அதனாலதான் இதை உக்காந்து விலாவாரியா எழுதுறேன்.

படி 1: குட்டி வீட்டுக்கு வர்றதுக்கு முன்னாடியே தேட ஆரம்பிங்க

ஏற்கனவே வளக்குறீங்கன்னா இந்த வாரமே ஆரம்பிங்க. முதல்ல கேக்க வேண்டியது உங்க மாதிரியே பிராணி வளக்குறவங்ககிட்ட. பூனை வச்சிருக்கவங்க பூனை வளக்குறவங்ககிட்ட கேளுங்க, நாய்க்கு அருமையா பாக்குற டாக்டர் பூனைய கையாளத் தெரியாதவரா இருக்கலாம். முயல், கிளி, ஆமைன்னா இன்னும் கவனம், அதுக்குன்னு பழகின டாக்டர்கள் கம்மி. முயல் அரை நாள் சாப்பிடாம இருந்தாலே குடல் ஓட்டம் நின்னுபோற ஆபத்து இருக்கு, அப்போ போய் முயல் டாக்டர் யாருன்னு தேடினா நேரம் பத்தாது.

"டாக்டர் எப்படி"ன்னு மட்டும் கேட்டா "நல்லா பாப்பார்"னுதான் பதில் வரும், அதுல ஒன்னும் தெரியாது. இப்படி கேளுங்க: உங்க நாய்க்கு கடைசியா உடம்பு ரொம்ப மோசமானப்ப இவர் என்ன பண்ணார்? தன்னால முடியலன்னு வேற இடத்துக்கு அனுப்புனாரா? பில் சொன்னதை விட எகிறுச்சா, எகிறுனப்ப முன்கூட்டியே சொன்னாங்களா? இந்த மாதிரி கேட்டா ஜனங்க கதையா சொல்ல ஆரம்பிப்பாங்க, அந்த கதைல எல்லாம் வந்துடும். என்னைக் கேட்டா, "இது எனக்கு கஷ்டம், அந்த ஸ்பெஷலிஸ்ட்கிட்ட போங்க"ன்னு சொல்ற டாக்டர்தான் நம்பகமானவர்.

இன்னொன்னு, அவர் முறையா கால்நடை மருத்துவம் படிச்சு பதிவு பண்ணின டாக்டரான்னு பாருங்க. பெரும்பாலான நாடுகள்ல இதுக்குன்னு கவுன்சில் இருக்கும், பதிவு எண் இருக்கும், கேக்குறதுல தப்பே இல்ல. குட்டி விக்கிறவங்க, பெட் ஷாப்ல நிக்கிறவங்க அனுபவத்துல ஊசி போடுறேன்னு சொன்னா வேண்டாம்னுடுங்க. தடுப்பூசி மருந்து 2 டிகிரில இருந்து 8 டிகிரி செல்சியஸ் வரைக்கும் குளிர்ல இருக்கணும், வெளிய கெடந்த மருந்த போட்டா ஊசி போட்ட மாதிரியும் இருக்கும், பாதுகாப்பும் இருக்காது.

தூரத்தையும் கணக்குல எடுங்க. பத்து நிமிஷத்துல இருக்கற ஓரளவு நல்ல டாக்டர், ஒன்றரை மணி நேரத்துல இருக்கற பிரமாதமான டாக்டர், ரெண்டு பேருமே வேணும். சாதாரண விஷயத்துக்கு முதலாமவர், பெரிய விஷயத்துக்கு அடுத்தவர்.

படி 2: பிராணிய விட்டுட்டு நீங்க மட்டும் ஒரு தடவை போய் பாருங்க

போன்ல பேசி நேரம் கேட்டுட்டு போங்க. பத்து நிமிஷம் உக்காந்து பாத்தா போதும், நெறைய புரியும். உள்ள வர்ற ஒவ்வொரு பிராணியையும் எடை போடுறாங்களா? மருந்து அளவு பெரும்பாலும் எடைய வச்சுதான், கண்ணால பாத்து குத்துமதிப்பா ஊசி போடுற இடம் வேண்டாம். டேபிள ஒவ்வொரு தடவையும் துடைக்கிறாங்களா? பயந்து நடுங்குற நாய அதட்டி அமுக்குறாங்களா, இல்ல கொஞ்சம் பொறுத்து பேசி தடவி பாக்குறாங்களா? பூனைங்க கூண்டோட நாய்ங்க நடுவுல தரையில உக்காந்திருக்கா, இல்ல தனியா உயரமா வைக்க இடம் இருக்கா?

எல்லாருமே ஊசி வெல மட்டும் கேட்டுட்டு வந்துடுறாங்க, ஆனா உண்மையில கேக்க வேண்டியது மயக்க மருந்து பத்தி. கருத்தடை ஆபரேஷன் எப்படியும் வரப்போகுது, அதனால கேளுங்க: மயக்கம் கொடுக்கறதுக்கு முன்னாடி ரத்தம் டெஸ்ட் பண்ணுவீங்களா, ஆபரேஷன் நடக்கும்போது நரம்புல டிரிப் லைன் இருக்குமா, இதயத்துடிப்பையும் ஆக்சிஜனையும் காட்டுற மானிட்டர் இருக்கா, ஆபரேஷன் பண்றவர் தவிர மயக்கத்த கவனிக்க தனியா ஒருத்தர் இருப்பாங்களா, வலிக்கு மருந்து வீட்டுக்கு கொடுத்து அனுப்புவீங்களா. இதுக்கு பொறுமையா பதில் சொல்ற இடத்துல மத்ததும் ஒழுங்கா இருக்கும். ராத்திரி அட்மிட் பண்ணினா கூட ஆள் இருப்பாங்களான்னும் கேட்டுடுங்க, சில இடங்கள்ல பூட்டிட்டு போயிட்டு காலைலதான் வருவாங்க, அது தப்புன்னு சொல்ல வரல, ஆனா நமக்கு தெரிஞ்சிருக்கணும்.

ரெக்கார்டு விஷயமும் முக்கியம். ரிப்போர்ட்டு, ஊசி விவரம், எக்ஸ்ரே எல்லாத்துக்கும் காப்பி தருவீங்களான்னு கேளுங்க. தயங்குனா யோசிங்க. வேற டாக்டர்கிட்ட போக வேண்டி வந்தா அந்த காப்பி கைல இல்லன்னா அதே டெஸ்ட்டுக்கு திரும்ப காசு கட்டணும்.

படி 3: முதல் செக்கப்

உடம்பு நல்லா இருக்கும்போதே கூட்டிட்டு போங்க. ஒரு நல்ல டாக்டர் கண்ணு, காது, வாய், பல்லு, ஈறு, கழுத்து நெணநீர் முடிச்சு, இதயம், நுரையீரல், வயித்த அமுக்கி, தோலு, மூட்டு, வாலடி வரைக்கும் பாப்பார். உதட்ட தூக்கி பல்லு பாக்காம, ஸ்டெத் வைக்காம ஊசிய குத்தி அனுப்புனா அது செக்கப்பே இல்ல.

தடுப்பூசி ஏன் திரும்பத் திரும்ப போடுறாங்க, காசுக்காகன்னு நெறைய பேர் நெனக்கிறாங்க. அப்படி இல்ல. குட்டிக்கு தாய்ப்பால் வழியா வந்த எதிர்ப்பு சக்தி ரத்தத்துல இருக்கற வரைக்கும் அதுவே ஊசி மருந்தையும் அழிச்சிடும், அது எந்த குட்டிக்கு எந்த வாரத்துல தீரும்னு வெளிய தெரியாது. அதனாலதான் 6ல இருந்து 8 வாரத்துல ஆரம்பிச்சு, 2ல இருந்து 4 வாரத்துக்கு ஒன்னா, 16 வாரம் தாண்டுற வரைக்கும் போடுறது. கடைசி ஊசிதான் ரொம்ப முக்கியம், ஆனா ரெண்டு ஊசி போட்டாச்சு போதும்னு நெறைய பேர் அதைத்தான் விடுறாங்க. நாய்க்கு டிஸ்டெம்பர், பார்வோ, அடினோ வைரஸ், பூனைக்கு பான்லூகோபீனியா, ஹெர்பிஸ், கேலிசி, இது அடிப்படை. ரேபிஸ் இருக்கற இடங்கள்ல ரெண்டுக்குமே அதுவும் கட்டாயம், பொதுவா 12 வாரத்துல இருந்து போடுவாங்க. எலிக்காய்ச்சல் ஊசி மாதிரி மத்தது எல்லாம் உங்க பகுதிய பொறுத்து, அதை டாக்டர்தான் சொல்லணும்.

பார்வோ, நாய்க்குட்டிங்களுக்கு ரத்த வயித்துப்போக்கு வர வைக்கிற வைரஸ், 1978ல உலகம் பூரா பரவுன ஒன்னு, மண்ணுல பல மாசம் உயிரோட இருக்கும், நம்ம செருப்புல ஒட்டிகிட்டு கூட வீட்டுக்குள்ள வரும். ஒரு குட்டிக்கு வந்துட்டா நாள் கணக்குல டிரிப், ஊசி, அட்மிஷன், அப்பவும் பொழைக்கும்னு உறுதி இல்ல. செலவுன்னு பாத்தாலும் தடுப்பூசி நல்லா காசு மிச்சப்படுத்துற விஷயம்.

குடல் பூச்சி மருந்து குட்டிங்களுக்கு 2 வார வயசுலயே ஆரம்பிக்கும், முதல்ல ரெண்டு வாரத்துக்கு ஒருக்கா, அப்பறம் மாசத்துக்கு ஒருக்கா, பெருசானதும் பொதுவா மூணு மாசத்துக்கு ஒருக்கா.

படி 4: ராத்திரிக்கு ஒரு திட்டம்

ஒரு பேப்பர் எடுத்து மூணு நம்பர் எழுதுங்க: வழக்கமான டாக்டர், 24 மணி நேர ஆஸ்பத்திரி, அதுவும் எடுக்கலன்னா போக வேண்டிய இன்னொன்னு. மூணுக்கும் இப்பவே போன் பண்ணி ராத்திரி எடுப்பாங்களா, அட்வான்ஸ் எவ்வளவு கட்டணும், எப்படி கட்டலாம்னு கேட்டு அதையும் பக்கத்துலயே எழுதுங்க. ஒரு தடவை வண்டியில போயும் பாத்துடுங்க, வாசல் எந்த பக்கம், ராத்திரி எந்த கேட் தெறந்திருக்கும்னு. கார் இல்லன்னா பிராணிய ஏத்திக்க சம்மதிக்கிற ஒரு டிரைவரோட நம்பரும் வேணும், நடுராத்திரி மூணு வண்டி கேன்சல் பண்ணிட்டு போகும்போதுதான் இதோட அருமை தெரியும்.

காலை வரைக்கும் காத்திருக்கவே கூடாத விஷயங்கள் சிலது இருக்கு. கடுவன் பூனை மூத்திரம் போக முக்கி முக்கி ஒன்னும் வராம இருக்கறது. பெரிய உடம்பு, ஆழமான மார்பு உள்ள நாய் வயிறு உப்பி, வாந்தி எடுக்க முயற்சி பண்ணி நொரை மட்டும் வர்றது, அது வயிறு முறுக்கிகிட்டதா இருக்கலாம், ஒவ்வொரு மணி நேரமும் முக்கியம். ஈறு வெளுத்தோ நீலமாவோ இருக்கறது. பூனை வாயத் தெறந்து மூச்சு வாங்குறது. வலிப்பு நிக்காம வர்றது. கருத்தடை பண்ணாத பெண் நாய் இனச்சேர்க்கை பருவம் (ஹீட்) முடிஞ்ச சில வாரத்துல அதிகமா தண்ணி குடிச்சு, சோர்ந்து, பின்பக்கம் கெட்ட வாடையோட ஏதாவது ஒழுகுறது, இது கர்ப்பப்பை சீழ், சில சமயம் ஒழுகாம உள்ளயே தேங்கும், அது இன்னும் ஆபத்து. அப்பறம் வெஷம்: சாக்லேட், திராட்சை, வெங்காயம், சக்கரை இல்லாத இனிப்பு பண்டங்கள்ல சக்கரைக்கு பதிலா போடுற சைலிட்டால், எலி மருந்து. பூனை இருக்கற வீட்ல லில்லி பூவே வேண்டாம், அதோட மகரந்தத்த நக்குனா கூட கிட்னி போயிடும்.

இப்ப உங்க பிராணி நல்லா இருக்கும்போதே ரெண்டு விஷயம் பாத்து வைங்க. அது ஆழ்ந்து தூங்கும்போது வயிறு ஏறி எறங்குறத ஒரு நிமிஷம் எண்ணுங்க, நாய் பூனை ரெண்டுக்குமே 30க்கு கீழ இருக்கணும். உதட்ட தூக்கி ஈற வெரலால அழுத்தி விடுங்க, வெளுத்து ரெண்டு செகண்டுக்குள்ள திரும்ப செவக்கணும் (சில பிராணிக்கு ஈறே கருப்பா இருக்கும், அப்போ கண்ணு கீழ் இமைய இழுத்து உள்பக்க நெறத்த பாருங்க). நல்லா இருக்கும்போது எப்படி இருக்கும்னு தெரிஞ்சாதான் கெட்டுப்போறது தெரியும், போன்லயும் டாக்டர்கிட்ட "டல்லா இருக்கான்"னு சொல்றதுக்கும் "தூங்கும்போது நிமிஷத்துக்கு 48 மூச்சு விடுறான்"னு சொல்றதுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்.

படி 5: செலவ மூணா பிரிங்க

முதல் வகை, வருஷா வருஷம் கண்டிப்பா வர்றது. தீனி, செக்கப், ஊசி, பூச்சி மருந்து, உண்ணி மருந்து, மண், குளிப்பாட்டி முடி வெட்டுறது, நீங்க ஊருக்கு போனா விட்டுட்டு போற இடத்துக்கு ஆகுறது. ஒரு வருஷத்துக்கு கூட்டி 12ஆல வகுத்து, அது மேல அஞ்சுல ஒரு பங்கு சேருங்க, அதுதான் உங்க மாசக் கணக்கு. முதல் வருஷம் மட்டும் தனியா போடணும், ஏன்னா ஊசி வரிசை, கருத்தடை, மைக்ரோசிப் (தோலுக்கு அடியில வைக்கிற அடையாள சிப்), கூண்டு, படுக்கைன்னு எல்லாம் அந்த ஒரு வருஷத்துலயே குவியும்.

இதுல யாரும் முன்னாடியே சொல்லாத ஒரு விஷயம், எடை. மருந்து பெரும்பாலும் கிலோ கணக்கு. 8 கிலோ நாய்க்கு ஒரு மாத்திரைன்னா 40 கிலோ நாய்க்கு அதே மருந்து அஞ்சு மடங்கு. எடை ஏற ஏற செலவும் ஏறும்ங்கறது உண்ணி மாத்திரை, ஆன்டிபயாட்டிக், மயக்க மருந்து, தீனி எல்லாத்துலயும் உண்டு. குட்டியா இருக்கும்போது எல்லாம் ஒரே அளவுதான், ஆனா அது பெருசானா என்னன்னு இப்பவே கணக்கு போடுங்க. இனமும் அப்படித்தான். மூக்கு சப்பையான நாய்களுக்கு மூச்சுப்பாதை ஆபரேஷன், டாக்ஸ்ஹண்டுக்கு முதுகெலும்பு டிஸ்க், பெரிய ஜாதி நாய்களுக்கு இடுப்பு மூட்டு, பெர்ஷியன் பூனைக்கு கிட்னில நீர்க்கட்டின்னு ஒவ்வொன்னுக்கும் பரம்பரையா வர்றது இருக்கு. எந்த இனம்னு முடிவு பண்றதுக்கு முன்னாடி ஒரு டாக்டர்கிட்ட "இந்த இனம் உங்ககிட்ட எதுக்கு அதிகமா வரும்"னு கேளுங்க, அந்த பதில்ல உங்க அடுத்த பத்து வருஷ செலவு இருக்கு.

ரெண்டாவது வகை, எதிர்பாராதது. இதுக்கு எவ்வளவு வேணும்னு நெட்ல தேடாதீங்க, ஊருக்கு ஊர் மாறும். உங்க 24 மணி நேர ஆஸ்பத்திரிலயே ரெண்டு ரேட் கேளுங்க. ஒன்னு, ராத்திரி வந்து ரெண்டு நாள் அட்மிட் ஆனா தோராயமா எவ்வளவு. இன்னொன்னு, நாய் எதையோ முழுங்கி வயித்த தெறந்து எடுக்கணும்னா எவ்வளவு. முதல் தொகை நீங்க ஆறு மாசத்துல சேத்து முடிக்க வேண்டிய குறி, ரெண்டாவது தொகை ரெண்டு வருஷத்துல. தனி அக்கவுன்ட் போட்டு சம்பளம் வந்த அன்னிக்கே தானா போற மாதிரி வச்சிடுங்க, மாசக் கடைசில மிச்சம் இருந்தா போடலாம்னு நெனச்சா அந்த மிச்சம் வரவே வராது. எடுத்தா திரும்ப நெரப்பணும்.

மூணாவது வகை, வயசான காலம். இதைத்தான் எல்லாரும் மறந்துடுறோம். நாய்க்கு ஏழு வயசு தாண்டினா, பெரிய ஜாதிக்கு அதுக்கும் முன்னாடியே, வருஷத்துக்கு ரெண்டு செக்கப்பும் ரத்தம், மூத்திரம் டெஸ்ட்டும் நல்லது. பூனைக்கு கிட்னி, தைராய்டு, நாய்க்கு மூட்டு, இதயம், இதெல்லாம் ஒரு தடவை ஆபரேஷன் பண்ணி முடியுற விஷயம் இல்ல, மாசா மாசம் மாத்திரை, மாசா மாசம் ஸ்பெஷல் தீனி, அதுவும் வருஷக் கணக்குல. மொத்தமா பாத்தா ஒரு பெரிய ஆபரேஷனை விட இது அதிகமா வந்துடும்.

படி 6: இன்சூரன்ஸ் எடுக்கணுமா

உங்க ஊர்ல கெடச்சா, குட்டியா இருக்கும்போதே, எந்த நோயும் ரெக்கார்டுல ஏறாத முன்னாடியே எடுக்கறதுதான் பிரயோஜனம். ஏற்கனவே இருக்கற நோய்க்கு பெரும்பாலும் எந்த பாலிசியும் கொடுக்காது. பாலிசி எடுத்த அடுத்த நாளே நோய் வந்தாலும் கொடுக்காது, காத்திருப்பு காலம்னு ஒன்னு இருக்கும். பேப்பர முழுசா படிங்க, குறிப்பா இதெல்லாம்: பரம்பரை நோய் உள்ள வருமா, பல்லு வருமா, ஒரு நோய்க்கு வருஷ உச்சவரம்பு எவ்வளவு, வயசு ஏற ஏற பிரீமியம் எப்படி ஏறும், எந்த வயசுக்கு மேல புதுப்பிக்க மாட்டாங்க. ஒரு கால் முட்டி ஜவ்வு பாலிசிக்கு முன்னாடியே கிழிஞ்சிருந்தா அடுத்த காலும் வராதுன்னு சில பாலிசில இருக்கும்.

கணக்கு இப்படி போடுங்க. பில் 100 பங்குன்னு வைங்க. உதாரணத்துக்கு ஒரு பாலிசில முதல் 20ஐ நீங்க கட்டணும், அதுக்கு மேல வர்றதுலயும் 20 சதவீதம் உங்க பங்குன்னு இருக்கு, அப்போ முதல் 20 உங்களுது, மிச்ச 80ல 20 சதவீதம், அதாவது 16, அதுவும் உங்களுது. ஆக 36 நீங்க, 64 கம்பெனி. அந்த 64ம் பெரும்பாலும் நீங்க முழு பில்ல கட்டி, பேப்பர் அனுப்பி, பொறகுதான் கைக்கு வரும். அதனால இன்சூரன்ஸ் இருந்தாலும் அந்த சேமிப்பு அக்கவுன்ட் வேணும். ஒழுங்கா சேமிக்கிற பழக்கம் இருந்தா, ஒரே ஒரு ஆரோக்கியமான பிராணிதான்னா, சேமிப்பு மட்டும் போதும்னு சொல்றவங்க உண்டு, ஆனா மூணாவது மாசமே பெரிய செலவு வந்தா அந்த சேமிப்புல ஒன்னும் இருக்காது. ஆரம்ப ரெண்டு வருஷம் ரெண்டும் வச்சுக்கறதுதான் என்னோட கருத்து.

படி 7: டாக்டர்கிட்ட காசு பத்தி வாய் விட்டு பேசுங்க

நெறைய பேர் இதுக்கு கூச்சப்படுறோம், காசு பேசுனா பாசம் இல்லன்னு நெனச்சுக்குவாங்களோன்னு. டாக்டருக்கு நம்ம கைல எவ்வளவு இருக்குன்னு தெரியாது, தெரியாதப்ப அவர் எல்லா டெஸ்ட்டையும் எழுதுவார், நாம தலைய ஆட்டிட்டு வெளிய வந்து பாதிய விட்டுடுவோம், எது முக்கியமான பாதின்னு நமக்குத் தெரியாது. அதுக்கு பதிலா முதல்லயே சொல்லுங்க, "டாக்டர், இன்னிக்கு என்னால இவ்வளவுதான் முடியும், இதுல எது முதல்ல பண்ணணும்?" இது கேட்டு கோவப்பட்ட நல்ல டாக்டர நான் பாத்ததில்ல.

ஒவ்வொரு டெஸ்ட்டுக்கும் ஒரு கேள்வி: இதோட ரிசல்ட் எப்படி வந்தாலும் நீங்க கொடுக்கப்போற மருந்து மாறுமா? மாறாதுன்னா அது இன்னிக்கு தேவையில்லாம இருக்கலாம். மாறும்னா கண்டிப்பா பண்ணுங்க. அடுத்து, ரெண்டு நாள் பொறுத்து பாத்தா என்ன ஆபத்து? இதை விட செலவு கம்மியான வழி இருக்கா, அதுல நாம எதை இழக்கறோம்? அட்மிஷன்னா குறைஞ்சபட்சம் அதிகபட்சம் ரெண்டையும் எழுத்துல வாங்குங்க, பாதி தொகை தாண்டுறப்ப போன் பண்ண சொல்லுங்க.

படி 8: காசு பத்தலன்னா

பில் வந்த பொறகு மறையாதீங்க, வர்றதுக்கு முன்னாடியே தவணை கேளுங்க. கால்நடை மருத்துவக் கல்லூரியோட ஆஸ்பத்திரி பக்கத்துல இருந்தா விசாரிங்க, பல இடத்துல செலவு கம்மி, ஸ்பெஷலிஸ்ட்டும் இருப்பாங்க, கூட்டமும் காத்திருப்பும் இருக்கும், அதைப் பொறுத்துக்கணும். விலங்கு நல அமைப்புகள் பல ஊர்ல கருத்தடையும் ஊசியும் குறைஞ்ச செலவுல பண்றாங்க. மருந்து சீட்ட வாங்கி, அதே மருந்தோட ஜெனரிக் (பிராண்ட் பேர் இல்லாம வர்ற அதே மருந்து) கெடைக்குமான்னு டாக்டர்கிட்டயே கேளுங்க.

ஆனா எங்க மிச்சம் புடிக்கக் கூடாதுன்னு ஒன்னு இருக்கு, இதை ரொம்ப வருத்தத்தோடதான் சொல்றேன், ஏன்னா நல்ல மனசோட பண்ணி பிராணிய இழந்தவங்க இருக்காங்க. நம்ம மாத்திரைய கொடுக்காதீங்க. பாராசிட்டமால் ஒன்னே ஒன்னு பூனைய கொன்னுடும், ஐபுப்ரோஃபென் நாயோட வயித்தையும் கிட்னியையும் கெடுக்கும். நாய்க்கு முதுகுல விடுற உண்ணி சொட்டு மருந்த பூனைக்கு விடாதீங்க, சிலதுல பெர்மெத்ரின் இருக்கும், பூனைக்கு அது வெஷம், வலிப்பு வந்துடும். போன தடவை மிச்சமான ஆன்டிபயாட்டிக்கும் வேண்டாம்.

உண்மையா காசு மிச்சமாகுற எடம் வேற. கருத்தடைய நேரத்துல பண்றது ஒன்னு, கர்ப்பப்பை சீழ் வந்து அவசர ஆபரேஷன் பண்றப்ப ஆகுற செலவு பல மடங்கு. பல்லு ஒன்னு, தெனமும் அவங்களுக்குன்னு இருக்கற பேஸ்ட்ல தேய்ங்க, நம்ம பேஸ்ட் வேண்டாம். எல்லாத்தையும் விட பெருசு எடை. 2002ல வெளியான ஒரு ஆராய்ச்சில 48 லேப்ரடார் நாய்ங்கள ரெண்டு ரெண்டா ஜோடி சேத்து, ஒன்னுக்கு இன்னொன்ன விட 25 சதவீதம் கம்மியா தீனி கொடுத்து வாழ்நாள் பூரா பாத்தாங்க. கம்மியா சாப்பிட்டதுங்க கிட்டத்தட்ட ரெண்டு வருஷம் அதிகமா வாழ்ந்துச்சு, மூட்டு நோயும் அதுங்களுக்கு தாமதமாத்தான் வந்துச்சு. வெலா எலும்பு கண்ணுக்கு தெரியக்கூடாது, ஆனா தடவுனா கைக்கு தட்டுப்படணும், அதுதான் அளவு. மாசம் ஒரு தடவை எடை போட்டு எழுதுங்க. 5 கிலோ பூனை அரை கிலோ கொறஞ்சா நமக்கு கண்ணுல படாது, ஆனா அது 60 கிலோ மனுஷன் 6 கிலோ கொறஞ்ச மாதிரி.

படி 9: கடைசி நாளுக்கும் ஒரு ஏற்பாடு

எழுத மனசு வரல, ஆனா எழுதாம விட்டா இந்த வழிகாட்டி முழுசாகாது. வயசான ஜீவனுக்கு ரொம்ப புடிச்ச அஞ்சு விஷயத்த ஒரு தாள்ல எழுதுங்க, வாசலுக்கு ஓடி வர்றது, அந்த பந்து, வெயில்ல படுக்கறது, அது மாதிரி. ஒவ்வொன்னா நின்னு போறப்ப குறிச்சு வைங்க, டாக்டர்கிட்ட பேசுறப்ப "இன்னும் கொஞ்ச நாள் பாக்கலாமா"ங்கற கேள்விக்கு அந்த தாள் உண்மையான பதில் சொல்லும். வலி இல்லாம அனுப்பி வைக்கிற ஊசிய (கருணைக்கொலை) வீட்டுக்கு வந்து போடுவீங்களா, அதுக்கு முன்னாடி தூங்க வைக்கிற ஊசி போடுவீங்களா, நாங்க கூட இருக்கலாமா, உடம்ப அடக்கம் பண்ண இல்ல எரிக்க என்ன ஏற்பாடு, எவ்வளவு ஆகும், எல்லாத்தையும் அந்த நாளுக்கு ரொம்ப முன்னாடியே கேட்டு வைங்க.

அந்த பில்ல மட்டும் முன்னாடியே கட்டிடுங்க. முடிஞ்ச பொறகு கைல காலி கயிறோட கவுன்டர்ல சில்லறைக்கு நிக்காம, நேரா வண்டி ஏறி வீட்டுக்கு போங்க.